மெர்சி ஒப்புக்கொள்ளாத தவறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வாகனங்களுக்கான அலுமினிய உதிரிபாகங்களை வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் மெர்சி வேலை செய்கிறாள். அங்கே கணினி நின்றாலும், பிரின்டர் மக்கர் செய்தாலும், யாராவது பாஸ்வேர்டை மறந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய அறை முன்பு பெயின்ட் டின்களை அடுக்கும் ஸ்டோராக இருந்தது. இப்போது சர்வர் அங்கே இருப்பதால் ஏ.சி. உண்டு. உலைப் பக்கம் வேர்த்துக் கொட்டிப்போனவர்கள் ஏதாவது ஒரு புகாரைச் சாக்கு வைத்துக்கொண்டு உள்ளே வந்து நிற்பார்கள். சாக்கு என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

டெஸ்பாட்ச் பிரிவில் பில் போடுகிற பெண்ணாகத்தான் சேர்ந்தாள். கையில் டிப்ளமா இருந்தது. அதைக் கேட்பவர்தான் இல்லை. அப்போது சிஸ்டம் பொறுப்பில் இருந்த விமல் விடுப்பு எடுக்கும் நாட்களில் இவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு விடுப்பு எடுக்காத நாட்களிலும் கூப்பிட்டார்கள். விமல் பொறுமையான ஆள். எதையும் மறைத்து வைத்துக்கொள்ளாமல் சொல்லிக் கொடுத்தான்.

அந்த விமல் வேலையை விட்டுப் போன விதம் மெர்சியின் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் கம்பெனிக் கணினிகளில் வைரஸ் புகுந்து கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டது. நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் அதே சர்வரில் செருகியபடியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. அப்டேட் போடாமல் விட்டதுதான் காரணம். போட வேண்டாம், உற்பத்தி நிற்கும் என்று விமலைத் தடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் விசாரணை என்று வந்தபோது அவர்களில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. விமல் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுத்த பிறகும் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.

பில், கணக்கு எல்லாவற்றையும் மெல்ல மெல்ல மீட்டுவிட்டார்கள். மீட்க முடியாமல் போனது ஒன்றுதான். உலைப் பிரிவிலும், வார்த்த பாகங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் பிரிவிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் எடுத்த காது, நுரையீரல் சோதனை விவரங்கள் மொத்தமாகப் போய்விட்டன. கம்பெனிக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. குணாவுக்குத் தெரிந்தது.

குணா இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். அதற்கு முன் பல வருடம் அந்தத் தேய்க்கும் பிரிவில் நின்றவர். அரவைச் சத்தத்தில் அவருடைய இடது காது போய்விட்டது. வேலையால் வந்த குறை என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர் மனுக் கொடுத்தார். சோதனைப் பதிவு எதுவும் இல்லை, அவருக்குக் காது கேட்காது என்பதே எங்களுக்குத் தெரியாது என்று எழுத்தில் பதில் வந்தது. மறுபடி கொடுத்தார். அதே பதில் மறுபடி வந்தது.

விமல் போன இடத்தில் மெர்சியை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், நகல் டிஸ்க்கைச் சர்வரிலிருந்து பிடுங்கி வேறு கட்டடத்தில் கொண்டுபோய் வைத்ததுதான். இரண்டாவது, அப்டேட் வந்தால் தள்ளிப்போடுவதில்லை என்று முடிவு செய்தது.

அப்படி ஒரு அப்டேட் போட்டதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

ஒரு வாரம், அவசரப் பாதுகாப்பு அப்டேட் ஒன்று வந்தது. உடனே போட வேண்டியது என்று எல்லா இடத்திலும் எச்சரித்திருந்தார்கள். மெர்சி அதைத் தன் கணினியிலும், அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு கணினியிலும் போட்டுப் பார்த்தாள். சிக்கல் இல்லை. வியாழக்கிழமை காலை மீட்டிங்கில் பிளான்ட் மேனேஜர் அருணாச்சலத்திடம் சொன்னாள். அவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே, சனிக்கிழமை மதியம் ஆள் குறைவாக இருக்கும், அப்போது போட்டுவிடுங்கள் என்றார். குணாவும் அந்த மேஜையில் இருந்தார். சனிக்கிழமை மதியம் மெர்சி எல்லாக் கணினியிலும் அப்டேட் போட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். எல்லாம் ஒழுங்காகத்தான் கிளம்பின.

திங்கட்கிழமை காலை அவள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் குணா கேட்டுக்கே வந்துவிட்டார். ஷாப் ஃப்ளோரில் எடை போட்டு லேபிள் அடிக்கும் கணினிகள் எல்லாம் நீலத் திரை காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன என்றார். தானாகக் கிளம்புகின்றன; கொஞ்ச நேரம் ஓடுகின்றன; மறுபடி நீலம். வாசல் எடைமேடைக் கணினியும் அப்படித்தான். எடைச் சீட்டு இல்லாமல் சரக்கு வெளியே போக முடியாது. லாரிகள் கேட்டிலிருந்து சிப்காட் ரோடு வரை வரிசையாக நின்றன. எடைமேடையில் உட்காரும் கன்னியம்மா, டிரைவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாமல் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஆபீஸ் பக்கத்துக் கணினிகள் ஒன்றுகூட நிற்கவில்லை.

மெர்சி ஷாப் ஃப்ளோரில் ஒரு கணினியின் முன் உட்கார்ந்தாள். தேவையில்லாத எதுவும் ஓடாதபடி சேஃப் மோடில் கிளப்பினாள். நிற்காமல் ஓடியது. ஆகவே மிஷினில் கோளாறு இல்லை. சாதாரணமாகக் கிளப்பினாள், நின்றது. வைரஸ் தடுப்பு மென்பொருளும் புது அப்டேட்டும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன என்று நினைத்தாள். அப்படி நடப்பதுண்டு. அந்த மென்பொருளை எடுத்துவிட்டாள். கணினி ஓடியது. பார்க்க வந்தவர்களிடம், சரியாகிவிட்டது என்று சொல்லியும்விட்டாள். அருணாச்சலம் வந்து பின்னால் நின்றபோது அது எல்லோர் கண்ணெதிரிலும் மறுபடி நீலமாகி நின்றது.

அப்போதுதான் அருணாச்சலம் கேட்டார்.

“யாரைக் கேட்டும்மா இதைப் போட்டீங்க?”

கேட்டது மெதுவான குரலில்தான். ஆனால் சுற்றி ஒரு ஷிஃப்டே நின்றுகொண்டிருந்தது. மெர்சி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“உங்களைக் கேட்டுத்தான் சார். வியாழக்கிழமை மீட்டிங்ல.”

அவருடைய போன் அடித்தது. சென்னைத் தலைமை அலுவலகம். பேசிக்கொண்டே வெளியே போனார்.

திரும்பி வந்தபோது இரண்டு உத்தரவுகளோடு வந்தார். ஒன்று, தொழிற்சாலையில் உள்ள எல்லாக் கணினியிலிருந்தும் அந்த அப்டேட்டை எடுத்துவிட்டு, இனி எந்த அப்டேட்டும் வராதபடி அடைத்துவிட வேண்டும். இரண்டு, அனுமதி கேட்காமல் அப்டேட் போட்டது என் தவறு என்று மெர்சி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லியிருப்பதாகத் தன் அறையில் உட்கார வைத்து விளக்கினார். அவர் கெட்டவர் இல்லை. உடனே சரக்கை அனுப்பச் சொல்லி மேலே இருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையை வேறு யார் கழுத்துக்காவது மாற்றிவிட அவர் அவசரப்பட்டார்.

மெர்சி முதல் உத்தரவில் பாதியைச் செய்தாள். எடை போடும் கணினிகளில் மட்டும் அப்டேட்டை எடுத்தாள். எடுத்ததும் அவை ஓடின. லாரிகள் நகர்ந்தன. ஆனால் அந்தக் கணினிகளின் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டாள். பாதுகாப்பு இல்லாமல் அவை வெளியே பேசக் கூடாது என்றாள். ஆபீஸ் கணினிகளில் கை வைக்க மறுத்துவிட்டாள்.

“எல்லாத்துலயும்னு சொன்னா எல்லாத்துலயும்தான்,” என்றார் அருணாச்சலம்.

“அதுங்க நிக்கல சார். நிக்காததுல இருந்து எதுக்கு எடுக்கணும்? போன தடவ அப்டேட் போடாம வெச்சதாலதான் எல்லாம் பூட்ச்சு. நான் எடுக்க மாட்டேன். வேற ஆள வெச்சு எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க.”

வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். கடிதத்தைப் பற்றி அவர் மறுபடி எடுத்தார். அதற்கும் அவள் முடியாது என்றாள். நாளை வரை யோசியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவிவிட்டு, தேநீர் போடும்போது கணவன் வரதனிடம் நடந்ததைச் சொன்னாள். வரதன் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டரிடம் ஃபிட்டராக இருக்கிறான். அவனுக்குப் பிரச்சினை உடனே புரிந்தது. தீர்வும் உடனே கிடைத்துவிட்டது.

“நாலு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு மெர்சி. பேப்பர்தானே. நானுந்தான் சைட்ல எத்தினி வாட்டி சாரி சொல்லிக்கினு கீறேன்.”

“நீ செஞ்சதுக்கு சாரி சொல்லு. செய்யாததுக்கு இன்னாத்துக்கு சொல்ற?”

“வேல போச்சுன்னா?”

அவள் தேநீரை இரண்டு டம்ளரிலும் ஊற்றினாள். அவளுடைய அப்பா சோழவரம் ஏரிப் பாசன நிலங்களில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர். வரப்பு உடைந்தாலும், மாடு மேய்ந்தாலும், மோட்டார் எரிந்தாலும் நிலக்காரர் முதலில் அவரைத்தான் பார்ப்பார். பார்த்ததும் இவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்புதாங்க என்பார். என்ன தப்பு என்று கேட்டுக்கொள்ளக்கூட மாட்டார். ஊரை விட்டு வந்து எண்ணூரில் லோடுமேன் வேலைக்குப் போன பிறகும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து போகவில்லை. பள்ளியில் மெர்சி செய்யாத ஒன்றுக்காக அவரைக் கூப்பிட்டனுப்பியபோது, டீச்சரிடமும் அதையே சொன்னார்.

“எங்கப்பா அப்டித்தான் சொல்லிக்கினே இருந்தாரு,” என்றாள் மெர்சி. “கடசில அவரு செய்யாததெல்லாம் அவரு செஞ்சதாவே பூட்ச்சு. நான் எழுத மாட்டேன். வேல போனா வேற வேல.”

வரதன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கு ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அவள் நேராக ஷாப் ஃப்ளோருக்குப் போனாள். ஒரே ஒரு எடைக் கணினியில் மட்டும் அப்டேட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கணினி நின்றது, கிளம்பியது, நின்றது. டீ இடைவேளை வந்தது. ஆட்கள் கேன்டீனுக்குப் போனார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். இடைவேளை முழுவதும் கணினி நிற்கவே இல்லை. ஆட்கள் திரும்பி வந்து தராசுத் தட்டில் முதல் பெட்டியை வைத்ததும், நீலம்.

சும்மா இருக்கும்போது ஓடுகிறது. எடை போடும்போது நிற்கிறது. அப்படியென்றால் எடை மென்பொருளுக்குள் ஏதோ இருக்கிறது. ஆனால் அதே மென்பொருள் அக்கவுன்ட்ஸ் கணினியிலும் இருந்தது. அங்கே அதில் பழைய எடைகளைப் பார்க்க மட்டும் செய்வார்கள். இங்கே இருந்து அங்கே இல்லாதது எது என்று யோசித்துக்கொண்டே கணினியின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். விரல்நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு தட்டுப்பட்டது. எடை போடும் கணினிகளில் மட்டும் செருகியிருக்கும் டாங்கிள். காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் மென்பொருளை ஓட்டும்படி அதை விற்ற கம்பெனி கொடுக்கிற சாவி அது. வருடக்கணக்கில் அங்கேயே இருந்ததால் தூசு படிந்து கணினியின் உறுப்பு போலவே ஆகியிருந்தது.

கணினி ஒவ்வொரு முறை நிற்கும்போதும், கடைசியாக எது ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் நிற்கும். அந்தக் கோப்புகளை வரிசையாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் ஒரே பெயர். டாங்கிளையும் கணினியையும் பேச வைக்கிற டிரைவர் என்ற சின்ன நிரலின் பெயர். மிகப் பழையது. முதல் நாளே இந்தக் கோப்பைத் திறந்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எடை மென்பொருளை விற்றவர்கள் அம்பத்தூரில் இருந்தார்கள். போன் செய்தாள். எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை, அப்டேட்டை எடுத்துவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். ஆளை அனுப்பாமல் லைனை விட மாட்டேன் என்றாள். மதியத்துக்கு மேல் ஜோஷ்வா என்ற இன்ஜினியர் ரயிலேறி வந்து சேர்ந்தான். வரும்போதே, அப்டேட்டை எடுத்துவிட்டால் போதுமே மேடம் என்ற பாடத்தோடுதான் வந்தான். அவள் வாதாடவில்லை. எடை போடச் சொன்னாள், நின்றது. டாங்கிளைப் பிடுங்கிவிட்டு அந்தத் தட்டிலேயே பெட்டிகளை ஏற்றி இறக்கிக் காட்டினாள், எடை பதியவில்லை, ஆனால் கணினி ஓடிக்கொண்டே இருந்தது. கோப்பில் இருந்த பெயரைக் காட்டினாள்.

ஜோஷ்வா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். அந்தப் பழைய டிரைவர், கணினியின் நினைவகத்தில் தொடக் கூடாத ஓர் இடத்தைத் தொட்டு வேலை செய்யும் பழக்கம் உடையது என்று அவன் கண்டுபிடித்தான். இத்தனை நாளும் அந்த இடம் திறந்து கிடந்தது. திருடர்கள் நுழைவதும் அந்த வழியாகத்தான். புது அப்டேட் அதைப் பூட்டியது. பூட்டிய கதவில் டிரைவர் போய் முட்டியதும், கணினி ஏதோ அத்துமீறல் என்று தன்னை நிறுத்திக்கொண்டது.

“அப்டேட் அது வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கு மேடம்,” என்றான் ஜோஷ்வா.

புது டிரைவர் வேண்டும் என்று அவனே தன் ஆபீசுக்குப் போன் செய்தான். இது பழைய டாங்கிள், இதற்கெல்லாம் இனி செய்து தரமாட்டோம் என்றார்கள். அவன் வெளியே மரத்தடியில் நின்று வெகுநேரம் அவர்களோடு சண்டை போட்டான். வேறொரு வாடிக்கையாளருக்காகச் செய்து வைத்த டிரைவர் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறோம் என்று கடைசியில் இறங்கி வந்தார்கள். வந்ததை ஒரே ஒரு கணினியில் போட்டு, ஒரு ஷிஃப்ட் முழுக்க எடை போட விட்டார்கள். நிற்கவில்லை. அடுத்த நாள் காலைக்குள் எல்லா எடைக் கணினிகளிலும் புது டிரைவரும் அப்டேட்டும் ஏறி, கேபிள்களும் திரும்பச் செருகப்பட்டுவிட்டன. கன்னியம்மா ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

கோளாறு தீர்ந்தது. விசாரணை தீரவில்லை.

அன்று பிற்பகல் கான்ஃபரன்ஸ் அறையில் வீடியோ வழியாக விசாரணை நடந்தது. திரையில் தலைமை அலுவலகத்திலிருந்து மனிதவள அதிகாரி நந்தினியும், கணினிப் பிரிவுத் தலைவரும். இந்தப் பக்கம் அருணாச்சலமும் மெர்சியும். நந்தினி மரியாதையாகத்தான் பேசினாள். கோளாறைச் சரிசெய்ததற்கு நன்றி சொன்னாள். ஆனால் அனுமதி இல்லாமல் அப்டேட் போட்டதை ஏற்றுக்கொண்டு ஒரு கடிதம் வேண்டும், அது நடைமுறை என்றாள். வாசகம்கூட தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மெர்சி தாளை வாங்கிப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தாள்.

“ஷாப் ஃப்ளோர் கணினி ஒண்ணுல முன்னாடியே போட்டுப் பாத்திருக்கணும் மேடம். அத நான் செய்யல. அது என் தப்பு. அத எங்க வேணும்னாலும் எழுதித் தரேன். ஆனா கேக்காம போட்டேன்னு இதுல இருக்கு. நான் கேட்டேன். சார் சரின்னாரு. பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்.”

அருணாச்சலம் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி எதுவும் பதிவில் இல்லையே என்றார் கணினிப் பிரிவுத் தலைவர். அப்போது கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலே குணா உள்ளே வந்து நின்றார். யூனிஃபார்மில் அலுமினியத் தூள் மினுங்கியது. அந்த மீட்டிங்கில் தானும் இருந்ததாகவும், சனிக்கிழமை போடச் சொன்னது தன் காதில் விழுந்ததாகவும் சொன்னார்.

நந்தினி கொஞ்சம் தயங்கினாள். பிறகு, குத்திக்காட்டுகிற எண்ணம் எதுவும் இல்லாமல், சாதாரணமாகவே கேட்டாள்.

“குணா, உங்களுக்குத்தான் காது சரியா கேட்காதே. யார் என்ன சொன்னாங்கன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?”

“எனக்கு இடது காதுதான் மேடம் பூட்ச்சு,” என்றார் குணா. “சாரு அன்னிக்கு வலது பக்கம் உக்காந்துகினு இருந்தாரு. நல்லாக் கேட்டுது.”

மெர்சி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“மேடம், ஒரு நிமிஷம். இவருக்குக் காது கேக்காதுன்னு கம்பெனிக்குத் தெரியவே தெரியாதுன்னுதான் ரெண்டு தடவ எழுத்துல பதில் குடுத்திருக்கீங்க. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. அத மினிட்ஸ்ல எழுதிக்கோங்க. எழுதற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம்.”

திரையில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்கை அணைத்துவிட்டு ஏதோ பேசினார்கள். குணா மெர்சிக்காக வந்தவர்; தன் விஷயம் அங்கே வரும் என்று நினைக்கவே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அருணாச்சலம் தொண்டையைச் செருமினார். வியாழக்கிழமை தான் சரி என்று சொன்னது உண்மைதான் என்றார். எதற்குச் சரி சொல்கிறோம் என்று கவனிக்காமல் சொல்லிவிட்டேன், ஆனால் சொன்னேன் என்றார். மெர்சியின் பக்கம் திரும்பாமல் திரையைப் பார்த்தே சொன்னார். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது.

மைக் திரும்ப வந்தது. கடிதம் வேண்டாம் என்றார்கள். குணா பற்றிச் சொன்னது கூட்டத்தின் குறிப்பான மினிட்ஸில் ஏறியது. மெர்சி அதன் நகலைக் கேட்டு வாங்கிய பிறகுதான் அறையை விட்டு வெளியே வந்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று குணா நினைத்தார். அடுத்த வாரம் மெர்சிக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாக் கணினியிலிருந்தும் அப்டேட்டை எடுக்கச் சொன்ன உத்தரவை மீறியதற்காக எச்சரிக்கை. அது உண்மைதான், அவள் மீறித்தான் இருந்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே, பெற்றுக்கொண்டேன், ஏற்கவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அப்படி எழுத இடமில்லை என்றார் கொண்டு வந்தவர். ஓரத்தில் இருந்த வெள்ளையைக் காட்டினாள்.

அந்த ஆண்டு எல்லோருக்கும் வந்த சம்பள உயர்வு அவளுக்கு வரவில்லை. வரதன் ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டினான். பிறகு அவனே, தன் சைட்டில் யாரோ உடைத்த வால்வுக்காக மேஸ்திரி தன்னைச் சாரி சொல்லச் சொன்னதாகவும், நான் உடைக்கலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன் என்றும் சொன்னான். பெரிய சாகசம் போல அதை இரண்டு தரம் சொன்னான். மெர்சி இரண்டு தரமும் கேட்டாள்.

குணாவின் மனு மூன்றாம் முறை போனபோது, தெரியாது என்ற பதில் வரவில்லை. அவருக்குக் காது சோதனை செய்தார்கள். அவரோடு உலைப் பிரிவு, தேய்க்கும் பிரிவு ஆட்கள் அத்தனை பேருக்கும் புதிதாகச் சோதனை நடந்தது. திரும்பத் திரும்பக் கேட்டும் தராத காதுக் கவசங்கள் அதற்கடுத்த மாதம் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. குணாவைச் சத்தமில்லாத டூல் ரூமுக்கு மாற்றினார்கள். வேலையால் வந்த குறை என்ற வார்த்தையைக் கம்பெனி இன்னும் எழுதவில்லை. அதற்காக அவர் திருவள்ளூரில் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார். விசாரணைத் தேதி விழும் நாளில் மெர்சி அந்த மினிட்ஸ் நகலைப் பையில் போட்டுக்கொண்டு, விடுப்பு எடுத்து அவரோடு போகிறாள்.

இப்போது அப்டேட் வந்தால் முதலில் ஷாப் ஃப்ளோரில் ஒரு கணினியில்தான் போடுகிறாள். டாங்கிள், தராசு, லேபிள் பிரின்டர் எல்லாம் செருகி, நிஜமாகவே பெட்டியை ஏற்றி எடை போட்டுப் பார்க்கிறாள். அந்த அவசர அப்டேட் எதைத் தடுத்தது என்று கேட்டால் அவளால் காட்ட முடியாது. உள்ளே வராதவனை எப்படிக் காட்டுவது? கம்பெனியில் இன்னும் சிலர் அந்த வாரத்தை, மெர்சி லைனை நிறுத்திய வாரம் என்றுதான் சொல்கிறார்கள். அவள் காதுபட யாராவது சொன்னால், நின்று, டிரைவர் என்ன செய்தது, அப்டேட் என்ன செய்தது என்று முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் நகர்கிறாள்.

மெமோ அவளுடைய ஃபைலில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மதிப்பீட்டுக்குக் கூப்பிடும்போது, அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறாள். பார்க்கலாம் என்கிறார்கள். இந்த ஆண்டும் கேட்டிருக்கிறாள்.